மாப்பிள்ளைக்கு வந்த படம்

6

வெள்ளை கவுன் நெல்சனுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. அவனுக்கு வருத்தமே அதுதான்.

"மீசையை என்ன பண்றது மேடம்?"

"மூஞ்சியே படத்துல வராது. கழுத்துக்குக் கீழ மட்டும்தான். வயித்தை உள்ள இழு," என்றாள் மனோன். உள்ளங்கையில் இருந்த வேர்க்கடலைத் தோலை ஊதிவிட்டுப் போனை உயர்த்தினாள்.

"உள்ள இழுத்த வயிறுதான் மேடம் இது."

மிஷன் வீதியில், ஒரு ஸ்டேஷனரி கடைக்கு மேல்மாடியில் இருந்தது மனோனின் துப்பறியும் அலுவலகம். அலுவலகம் என்று பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு மேசை, ஒரு மின்விசிறி, இரண்டு நாற்காலி. ஒரு நாற்காலியில் புதுச்சேரியின் கூர்மையான மூளை உட்கார்ந்திருக்கும். இன்னொன்றில் நெல்சன் உட்கார்ந்திருப்பான். இந்த ஏற்பாட்டில் அவனுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை, மூன்றாவதாக ஒரு நாற்காலி வாங்கலாமா என்று நேற்று சாயங்காலம் மனோன் கேட்கும் வரையில்.

"யாருக்கு மேடம்?"

"அந்த கிளமானுக்குத்தான். கம்ப்யூட்டர் விஷயத்துக்கு நமக்கும் ஒரு ஆள் வேணும் இல்ல? என்னா தெளிவா பேசறான் பாரு."

அப்போது பிடித்த வயிற்றெரிச்சல் நெல்சனுக்கு இன்னும் அடங்கவில்லை. ராத்திரி இரண்டு டம்ளர் மோர் குடித்தும் பிரயோஜனமில்லை. கிளமானை உள்ளே தள்ளினால்தான் அடங்கும் போலிருந்தது. அவன் குற்றவாளியாக இருந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே இடுப்பில் கை வைத்து போஸ் கொடுத்தான்.

விவகாரம் இதுதான். மர்த் என்ற அம்மாள் கல்யாண கவுன் தைக்கிறவர். கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளிக் கடை, கடைக்கு மேலேயே வீடு. ஊரில் பாதி மாதா கோயில் கல்யாணத்துக்கு அவர் கவுன்தான். போன வருஷம் கடைக்கு ஒரு வெப்சைட் வந்தது. பிரான்சின் லியோன் நகரிலிருந்து திரும்பி வந்து லாஸ்பேட்டையில் அறை எடுத்திருக்கும் கிளமான் என்ற வாலிபன் செய்து கொடுத்தது. மணப்பெண்கள் கவுனை வீட்டிலேயே போட்டுப் பார்த்து, படம் எடுத்து, அந்த சைட்டில் ஏற்றிவிடுவார்கள். எங்கே இறுக்கம், எங்கே தொளதொளப்பு என்று மர்த் பார்த்துச் சொல்வார். பிரான்சில் இருக்கும் பெண்களுக்கும் வசதி, உள்ளூரில் கோரிமேட்டில் இருக்கும் பெண்களுக்கும் வசதி.

ஆனால் ஒன்று. கோயில் வாசலில் காரைவிட்டு இறங்கும் வரை மணப்பெண்ணின் கவுனை மாப்பிள்ளை பார்க்கக் கூடாது. பங்காளி வீட்டார் பார்ப்பது அதைவிட மோசம். போன சனிக்கிழமை மெரின் என்ற பெண்ணுக்குக் கல்யாணம். அவள் கோயிலுக்குள் நடந்து வந்தபோது, அவளுடைய பெரியப்பா மகள் ஆன் விருட்டென்று எழுந்து வெளியே போய்விட்டாள். மெரின் போட்டிருந்தது, வருகிற சனிக்கிழமை ஆன் போடவேண்டிய கவுன். அச்சு அசல் அதே கவுன்.

ஆனின் அம்மா ரோசா, நேரே மர்த்தின் கடைக்குப் போய் நின்றார். "வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள்ள யாருன்னு சொல்லு. இல்லேன்னா பூசை முடிஞ்சதும் கோயில் வாசல்லயே நின்னு ஒவ்வொரு பொண்ணோட அம்மாகிட்டயும் சொல்லுவேன்." ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கினால் கோயிலில் கல்யாணம் கிடையாது. அதற்குள் கட்டிக்கொள்ளத் துடிக்கும் பெண்கள் எல்லாருடைய படங்களும் மர்த்திடம் இருந்தன. ஒருத்தி பின்வாங்கினால் எல்லாரும் பின்வாங்குவார்கள். கடையை இழுத்து மூட வேண்டியதுதான். மர்த் மனோனிடம் ஓடி வந்தார்; கெடு முடியும் வியாழக்கிழமை இன்றுதான்.

படம்தான் திருடு போனது என்று மனோன் கண்டுபிடித்த விதம் நெல்சனுக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆன் வீட்டில் போட்டுப் பார்த்தபோது கவுனின் இடுப்பு பெரிதாக இருந்திருக்கிறது. துணி காயப்போடும் க்ளிப் ஒன்றை மாட்டி இழுத்துப் பிடித்து, அப்படியே படம் எடுத்து ஏற்றிவிட்டாள். க்ளிப் கைக்குப் பின்னால் மறைந்துவிட்டது. இடுப்பில் கோணலாக ஒரு மடிப்பு மட்டும் படத்தில் விழுந்தது. மெரினின் தையல்காரர் அதையும் டிசைன் என்று நினைத்து, மடிப்பு நெடுக முத்து வைத்துத் தைத்துக் கொடுத்துவிட்டார்.

"பரீட்சையில பக்கத்து பெஞ்ச்காரனைப் பாத்து எழுதறவன், அவன் பேரையும் சேத்து எழுதின மாதிரி," என்று அப்போது நெல்சன் சொன்னான். மனோன் சிரித்தாள். அது கிளமான் வருவதற்கு முந்தைய பொற்காலம்.

மெரினின் அப்பா சகாயநாதன் எதையும் மறைக்கவில்லை. யாரோ தன் போனுக்குப் படத்தை அனுப்பியதாகவும், மகள் பார்த்து ஆசைப்பட்டதாகவும் சொல்லி அந்தச் செய்தியையே காட்டினார். பிரெஞ்சு நம்பர். கூப்பிட்டால் எடுப்பதில்லை.

"பிரெஞ்சு நம்பர்னா வேற யாரு மேடம்? லியோன் துரைதான்," என்றான் நெல்சன், கவுனின் கொக்கியைக் கழற்ற முடியாமல் திணறிக்கொண்டே.

"இந்த ஊர்ல அலமாரிக்குள்ள ஒரு பிரெஞ்சு சிம் இல்லாத வீட்டைக் காட்டு பாக்கலாம். அதுவும் இல்லாம, அது கம்ப்யூட்டர் திரையை போனால எடுத்த போட்டோ. கோடு கோடா தெரியுது. கம்ப்யூட்டர் தெரிஞ்சவன் அப்படியா பண்ணுவான்?"

"நம்மள ஏமாத்தறதுக்குன்னே பண்ணியிருப்பான்."

மனோன் அவனை ஒரு மாதிரி பார்த்தாள். "உனக்கு அவன்மேல என்ன நெல்சா?"

"எனக்கென்ன? ஒண்ணுமில்லையே," என்றான் நெல்சன். அந்த 'ஒண்ணுமில்லையே' மாடிப்படி வரை கேட்டது.

திட்டம் எளிமையானது. அபி என்று இல்லாத ஒரு மணப்பெண். அவள் பெயரில் நெல்சனின் கவுன் படம். கூரியர்காரர் கூப்பிடுவதற்கென்று கொடுத்த மாப்பிள்ளையின் நம்பர், நெல்சனின் இரண்டாவது போன். பார்க்கவே கூடாதவர்களுக்குப் படம் அனுப்புகிறவர் பழையபடி வேலையைக் காட்டினால், நேரே மாப்பிள்ளையிடம் வந்து மாட்டுவார். அபி பொய் என்பது மனோன், நெல்சன், மர்த் மூவருக்கு மட்டுமே தெரியும்.

"வீட்டுக்காரர்கிட்ட கூட மூச்சு விடக்கூடாது மதாம்," என்று மர்த்திடம் மனோன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

மர்த்தின் கடைக்குள் நுழைந்ததுமே நெல்சனுக்கு மூட் போய்விட்டது. கம்ப்யூட்டருக்கு முன்னால் மர்த்தும் கிளமானும் தலையோடு தலை சேர்த்து உட்கார்ந்திருந்தார்கள். கிளமான் எழுந்து மனோனுக்கு நாற்காலி நகர்த்திப் போட்டான். நெல்சனுக்கும் போட்டான். அதுதான் பொறுக்கவில்லை.

கடையின் மறுகோடியில், மணப்பெண்களின் அப்பாக்கள் உட்காருவதற்காகப் போட்டிருந்த சோபாவில் மர்த்தின் கணவர் எமீல் தனியாக இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். இஸ்திரி கலையாத சட்டை, முறுக்கிய மீசை. வந்தவர்களுக்கு அவரே காப்பி கலந்து கொண்டு வந்தார்.

"படம் ஏத்தறதுல என்னென்ன பாதுகாப்பு வச்சிருக்க, சொல்லு," என்றாள் மனோன் கிளமானிடம்.

"படத்தைத் தவிர வேற எதையும் உள்ள விடாது மேடம். வைரஸுக்குப் படம்னு பேர் வச்சு அனுப்பினாலும், திறந்து பாத்துட்டுத் திருப்பி அனுப்பிடும். ஒரு அளவுக்கு மேல பெரிசா இருந்தாலும் வாங்காது. போன்ல எடுக்கற படத்துக்குள்ள, எந்த இடத்துல எடுத்ததுங்கற விவரம் ஒளிஞ்சிருக்கும். அதையும் அழிச்சிடுவேன். இல்லேன்னா ஒரு பொண்ணோட வீட்டு வாசலையே ஊருக்குக் காட்டின மாதிரி ஆயிடும்."

"கேட்டீங்களா? வீட்டு அட்ரசைக் கூட அழிச்சிடறான்," என்றார் மர்த், பெற்ற பிள்ளை பரிசு வாங்கியது போல. "கிளமான் வந்ததுக்கு அப்புறம்தான் எனக்கு இதெல்லாம் இருக்குன்னே தெரியும். கிளமான் இல்லேன்னா இந்த சீசனைச் சமாளிச்சிருக்கவே முடியாது."

"ஆமாமா, தம்பி இல்லேன்னா இந்தக் கடையில ஊசியே இறங்காது," என்றார் எமீல். காப்பிக் கோப்பையை நெல்சன் முன்னால் கொஞ்சம் பலமாகவே வைத்தார். "சர்க்கரை போதுமா முசியே? இல்ல, அதையும் அந்தப் பையன்கிட்டயே கேட்டுக்கலாமா?"

நெல்சனுக்கு எமீலைப் பார்த்ததும் பிடித்துப்போயிற்று. இந்தக் கடையிலேயே விவரமான மனுஷன் இவர் ஒருவர்தான் என்று தோன்றியது.

மனோன் தன் போனில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தவள் திடீரென்று நிறுத்தினாள். "நான் சோதனைக்கு ஒரு படம் ஏத்தினேன். ஒரு லிங்க் வந்துச்சு, கடைசியில ஒரு நம்பரோட. அந்த நம்பர்ல ஒண்ணைக் குறைச்சுப் போட்டேன்." சொல்லிக்கொண்டே போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். "வேற ஒரு பொண்ணோட படம் வருது. யார்னு நான் பாக்கலை. யாரும் பாக்க வேணாம்."

கிளமானின் முகத்தில் ஈயாடவில்லை. "வரிசை நம்பர்… அக்கா, அது என் தப்பு. யாரு பாக்கறாங்கன்னு கேக்காமலே கதவு திறக்குது."

"வாசல்ல பெரிய பூட்டு, கொல்லைப்பக்கம் கதவே இல்ல," என்றான் நெல்சன். அவன் வாழ்க்கையில் ஒரு காப்பி இவ்வளவு ருசியாக இருந்ததே இல்லை.

"அப்படின்னா வெளியிலேர்ந்து எந்த கஸ்டமர் வேணும்னாலும் எடுத்திருக்கலாம்," என்று மனோன் எழுந்தாள். போகிற போக்கில் கிளமானைத் தனியாக அழைத்து ஏதோ முணுமுணுத்தாள். அவன் தலையை ஆட்டினான். தன்னிடம் சொல்லாமல் அவனிடம் என்ன ரகசியம் என்று நெல்சனுக்குக் காப்பி மறுபடியும் கசந்துபோனது.

அந்த நேரம் பார்த்து மர்த், சொல்லிவைத்தபடி குரலை உயர்த்தினார். "அபின்னு புதுசா ஒரு ஆர்டர் வந்திருக்குங்க. மாப்பிள்ளை கண்ணுல கவுனைக் காட்டவே கூடாதாம், அவ்ளோ கண்டிப்பு. ஆனா நம்பர் மட்டும் மாப்பிள்ளை நம்பரைக் கொடுத்திருக்காங்க, கூரியர்காரருக்கு. என்ன பொண்ணுங்களோ!"

கிளமான் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தான். எமீல் கோப்பைகளை அடுக்கினார். மத்தியானம் கடை சாத்துகிற நேரம் வந்துவிட்டது. சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு, வெயில் தாழ்ந்த பிறகுதான் இந்த ஊரில் பல கடைகளின் கதவு மறுபடியும் திறக்கும். துரைமார் போய் எத்தனையோ காலம் ஆகியும் அவர்கள் தூக்கம் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

வெளியே வந்ததும் நெல்சன் கேட்டான். "மேடம், நான் அவனை ஃபாலோ பண்ணவா?"

"வேண்டாம்னு சொன்னா கேப்பியா?"

"மாட்டேன்."

"ஸ்கூட்டர்ல பெட்ரோல் இருக்கு, போ."

கால் மணி நேரம் கழித்து வெளியே வந்த கிளமான் நேரே லாஸ்பேட்டைக்குப் போனான். கல்லூரிப் பிள்ளைகள் வந்து போகும் ஒரு மெஸ் வாசலில் வண்டியை நிறுத்தினான். நெல்சன் எதிர்ப்பக்கம், ஒரு வேப்ப மரத்து அடியில் ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றுகொண்டான். கிளமான் கை கழுவுவதைப் படம் எடுத்தான். வாசலில் கிடந்த நாய்க்கு பிஸ்கட் போடுவதைப் படம் எடுத்தான். ஒரு கிழவருக்கு வழிவிட்டு ஒதுங்குவதையும் எடுத்தான். எதிலும் குற்றம் இல்லை. நாலு பேர் பார்த்தால் கல்யாணத்துக்குப் பெண் கொடுத்துவிடுவார்கள், அந்த மாதிரி படங்களாகவே விழுந்து தொலைத்தன.

"நெல்சன் அண்ணா!" என்று மெஸ்ஸுக்குள்ளிருந்து குரல் வந்தது. "ஏன் வெயில்ல நிக்கறீங்க? வாங்க, சாப்பிடலாம்."

ஹெல்மெட்டோடு ஒருவனை எப்படி அடையாளம் கண்டுபிடித்தான் என்று நெல்சனுக்குப் புரியவில்லை. வேறு வழியில்லாமல் போய் எதிரே உட்கார்ந்தான். வாழை இலையில் சோறு விழுந்தது, மேலே மீன் குழம்பு விழுந்தது. பசியும் இருந்தது.

"உன் போன் எங்க?" என்று கேட்டான், சும்மா கேட்பது போல.

"அதோ, கல்லா பக்கத்துல சார்ஜ்ல இருக்கு." கிளமான் சோற்றைப் பிசைந்தான். "மேடம் செம ஷார்ப் அண்ணா. நீங்க கூட இருக்கறதாலதான் அவங்க இவ்ளோ தைரியமா யோசிக்கறாங்கன்னு மர்த் அக்கா சொன்னாங்க. அப்புறம், அந்த ஓட்டையை உடனே அடைக்கச் சொல்லி மேடம் காதுல சொன்னாங்களே, கடையிலேயே லேப்டாப்ல அடைச்சுட்டுத்தான் கிளம்பினேன். வரிசை நம்பர் இனிமே கிடையாது. கடை பாஸ்வேர்ட் போடாம வெளியிலேர்ந்து யாரும் ஒரு படத்தையும் பாக்க முடியாது."

"அடைச்சுட்டியா? எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

நெல்சனின் சட்டைப் பையில் இரண்டாவது போன் துடித்தது. எடுத்துப் பார்த்தான். பிரெஞ்சு நம்பர். திறந்தான். கோடு கோடாக ஒரு கம்ப்யூட்டர் திரை. திரைக்குள் ஒரு வெள்ளை கவுன். கவுனுக்குள், கழுத்துக்குக் கீழ், வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு அவனே நின்றுகொண்டிருந்தான்.

நெல்சனுக்குப் புரை ஏறியது. கிளமான் எழுந்து வந்து இடது கையால் அவன் தலையில் தட்டி, தண்ணீர் டம்ளரை வாயருகில் கொண்டுவந்தான். அவன் வலது கையில் முழங்கை வரை மீன் குழம்பு. அவன் போன் கல்லாவுக்குப் பக்கத்தில் அசையாமல் கிடந்தது. உலகத்திலேயே யாரை மாட்டிவிட வேண்டும் என்று துடித்தானோ, அவன் நிரபராதி என்பதற்கு உலகத்திலேயே ஒரே சாட்சி நெல்சன்.

கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து மனோனைக் கூப்பிட்டான்.

"மாப்பிள்ளைக்குப் படம் வந்துடுச்சு மேடம்."

"கிளமானா?"

"இல்ல." அந்த ஒரு வார்த்தையை வெளியே தள்ளுவதற்குள் அவனுக்குப் பிரசவ வேதனையாக இருந்தது. "என் எதிர்ல உக்காந்து மீன் சாப்பிட்டுட்டு இருந்தான். ஓட்டையையும் அடைச்சுட்டானாம். அதனால வெளி ஆளும் கிடையாது. கடைக் கம்ப்யூட்டர்லேர்ந்துதான் எடுத்திருக்காங்க, கடை சாத்தின நேரத்துல."

"மர்த்துக்கு அபி பொய்னு தெரியும். அவங்க அனுப்ப மாட்டாங்க."

"மீதி ஒரே ஆளு. மாடியிலேர்ந்து இறங்கி வரவேண்டியதுதான். எமீல்."

மனோன் பக்கம் கடலை கடிக்கும் சத்தம் கேட்டது. "சொந்தப் பொண்டாட்டி கடையை அவர் ஏன்டா கவுக்கணும்?"

"காலையில நாம இருந்த நேரம் பூரா அவர் அந்தப் பேரைச் சொல்லவே இல்ல மேடம். மர்த் மதாம் வாய்க்கு வாய் கிளமான் கிளமான்னு சொல்றாங்க. இவரு தம்பிங்கறாரு, அந்தப் பையங்கறாரு. பேரைச் சொல்ல நாக்கு வரலை."

"நான் அதைக் கவனிக்கலையே. நீ எப்படிக் கவனிச்ச?"

நெல்சன் ஸ்கூட்டர் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தான். பார்க்கச் சகிக்கவில்லை.

"நானும் சொல்லலை மேடம்," என்றான்.

சாயங்காலம் கடைக் கதவு திறந்தபோது எமீல் வழக்கம்போலக் காப்பித் தட்டோடு வந்தார். மர்த் கவுன் ஒன்றின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தார். கிளமான் வாசலருகே நின்றான்.

"முசியே எமீல்," என்றாள் மனோன். "அபியோட மாப்பிள்ளைக்குக் கவுன் ரொம்பப் பிடிச்சிருக்காம்."

எமீல் தட்டோடு நின்றார். "எந்த மாப்பிள்ளை?"

நெல்சன் இரண்டாவது போனை எடுத்து, படத்தை அவர் பக்கம் திருப்பினான். "நான்தான் மாப்பிள்ளை. பொண்ணும் நான்தான்."

எமீல் படத்தைப் பார்த்தார். நெல்சனின் வயிற்றைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல், மணப்பெண்களின் அப்பாக்களுக்கான சோபாவில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மர்த்தின் கையிலிருந்து ஊசி நழுவியது. அவர் கணவரையே பார்த்தபடி நின்றார்.

"பிரான்ஸ்ல, துலோன்ல என் தம்பி வீட்டுக்குப் போனப்ப வாங்கின சிம்," என்றார் எமீல் கடைசியில். "சகாயத்தோட தினம் பெத்தாங் குண்டு விளையாடறேன். அண்ணன் பொண்ணு என்ன கவுன் போடப்போறாளோன்னு அவன் பொலம்பிக்கிட்டே இருப்பான். மர்த், நீ கம்ப்யூட்டரைத் தொறந்து வச்சுட்டு மேல தூங்கப் போயிட்ட. அதான் ஒரு போட்டோ எடுத்து அனுப்பினேன்."

"ஏன்?" என்றார் மர்த்.

"பழி சைட்டு மேல விழும். ஓட்டை சைட்டுன்னு நீயே மூடிடுவ. அந்தப் பையனும் போயிடுவான்." அவர் மர்த் பக்கம் திரும்பினார். "முன்னல்லாம் ஒரு கவுன் முடிஞ்சா முதல்ல என்னைத்தான் கூப்பிடுவ மர்த். எமீல், வந்து பாருங்கன்னு. சோபா நிறைய ஆளுங்க இருப்பாங்க, நான் காப்பி கொடுப்பேன், எல்லாரும் என்கிட்ட கேப்பாங்க. இப்ப நீ அந்தத் திரையைத்தான் கூப்பிடற. அதுக்குப் பக்கத்துல அவன் உக்காந்திருக்கான். பாத்துப் பாத்து உள்ளுக்குள்ள வெந்து போயிட்டேன்."

நெல்சனுக்கு அந்த மனுஷனைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஓங்கி ஒன்று விடலாம் போலவும் இருந்தது.

"என்மேல கோவம்னா என்கிட்ட கத்தியிருக்கலாம்," என்றார் மர்த். "தட்டைத் தூக்கி வீசியிருக்கலாம். அந்தப் பொண்ணு என்னை நம்பி அனுப்பின படங்க அது. அவளைப் பெத்த அப்பா கூட இன்னும் பாக்கலை. பொறாமை என்மேல, அம்பலத்துல நிக்கறது அவளா?"

வாசலில் கார் வந்து நின்றது. ரோசாவும் ஆனும் இறங்கினார்கள்.

கிளமான் அவசரமாக மர்த்தின் அருகில் வந்து தணிந்த குரலில் சொன்னான். "அக்கா, என் பேரைச் சொல்லிடுங்க. ஓட்டை இருந்தது நெசம்தானே. நான் லியோனுக்கே திரும்பிப் போயிடறேன். உங்க கடையும் தப்பிக்கும், வீடும் தப்பிக்கும்."

எமீல் தலையை நிமிர்த்தினார். அவர் கண்ணில் ஒரு ஆசை மின்னிப் போனதை நெல்சன் பார்த்தான். இன்றைக்குக் காலையில் அவனே அதைக் கேட்டிருந்தால் கைதட்டியிருப்பான். இந்தப் பாவி நல்லவனாகவும் இருந்து தொலைக்கிறானே என்ற பொறாமைதான் இப்போது வந்தது.

மர்த் கிளமானை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தார். ரோசா வாயைத் திறக்கும் முன்பே சொன்னார்.

"யாருன்னு கேட்டீங்க. என் வீட்டுக்காரர். என் கம்ப்யூட்டர்லேர்ந்து, நான் பூட்டாம விட்டதுலேர்ந்து எடுத்து அனுப்பியிருக்கார். சைட்ல ஒரு ஓட்டையும் இருந்தது, இன்னிக்குத்தான் அடைச்சோம். ரெண்டையும் எல்லாப் பொண்ணுங்களுக்கும் நானே சொல்லப்போறேன். நீங்க கோயில் வாசல்ல நிக்க வேணாம்."

ரோசா சண்டைக்கென்று கட்டிக்கொண்டு வந்த வார்த்தைகள் எல்லாம் அப்படியே நின்றுவிட்டன. ஆன் சோபா பக்கம் நடந்து போனாள். தன் அப்பாவின் வயதுள்ள அந்த மனிதருக்கு எதிரே நின்றாள். அவள் அழவில்லை.

"அங்கிள், அந்தப் படத்துல நான் தலைகூட சீவலை. எங்க ரூம்ல எடுத்தது. அது இப்ப யார் யார்கிட்ட இருக்கு?"

"சகாயத்துக்கு மட்டும்தான்மா அனுப்பினேன்."

"அவரு யாருக்கு அனுப்பினாரு?"

"தெரியலைம்மா."

அந்தப் பதில் கடையில் இருந்த எல்லாரையும் தாக்கியது. நெல்சன் மெல்லத் தன் போனை எடுத்தான். கை கழுவும் கிளமான், நாய்க்கு பிஸ்கட் போடும் கிளமான், வழிவிடும் கிளமான். ஒவ்வொன்றாக அழித்தான். நிமிர்ந்தபோது மனோன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ கேட்டுச் சொல்லுங்க," என்றாள் ஆன். "இப்பவே. உங்க பேரைச் சொல்லியே கேளுங்க. அவர் யார் பேரைச் சொல்றாரோ, அடுத்தது அவங்களைக் கூப்பிடுங்க. ஒருத்தர் விடாம. நான் இங்கயே உக்காந்திருக்கேன்."

எமீல் மர்த்தைப் பார்த்தார். மர்த் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை, உதவிக்கு வரவும் இல்லை. மடியில் இருந்த தட்டை மட்டும் வந்து எடுத்துக்கொண்டு போனார். எமீல் நம்பரைத் தட்டினார். ஆன் ஸ்பீக்கரைப் போட்டாள். மணி அடித்தது.

"என்னய்யா எமீல், ஆட்டத்துக்கு ஆள் காணோம்? எல்லாரும் உனக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கோம்," என்றது சகாயநாதனின் உற்சாகமான குரல். பின்னால் நாலைந்து பேர் சிரிப்பது கேட்டது.

"சகாயம்," என்று தொடங்கிய எமீல் அதற்கு மேல் போக முடியாமல் நின்றார்.

ஆன் போனை அவர் வாய்க்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள்.